ஏற்காட்டில் வைத்த சென்சார் பெட்டிக்குள் தண்ணீர் கோத்துக்கொள்கிறது

ஏற்காடு காப்பிக்காடு:
காப்பித் தோட்டத்தில் வெப்பம், ஈரப்பதம் அளக்க இஎஸ்பி32 என்ற கட்டுப்பாட்டு போர்டு, எஸ்எச்டி31 சென்சார், ஒரு 18650 பேட்டரி. பெட்டி பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் செய்தது, சுவர் 2 மி.மீ. மூடி விளிம்பு முழுக்க சிலிகான் தடவி அடைத்திருக்கிறேன். ஆனாலும் காலையில் மூடியின் உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர். போர்டு பின்கள் பச்சை பூத்துவிட்டன. வெயிலில் ரீடிங்கும் 3, 4 டிகிரி கூடக் காட்டுகிறது. இன்னும் இறுக்கி அடைக்க எந்தப் பசை நல்லது?

அம்மாபேட்டை பட்டறை:
பசையைத் தேடாதீங்க நண்பரே. மூச்சு விட வழியில்லாத பெட்டி மலையில் கட்டாயம் நனையும். பகலில் உள்காற்று சூடாகி விரிந்து சந்து வழியே வெளியேறுது. சாயங்காலம் மூட்டம் இறங்கி 35 டிகிரியிலிருந்து 15க்குக் குளிர்ந்தால் காற்று 6 சதவீதத்துக்கு மேல் சுருங்கும். அரை லிட்டர் பெட்டியில் அது 30 மி.லி. காற்று. அந்த இடத்தை நிரப்ப ஈரக்காற்றும், விளிம்பில் நிற்கிற மழைத்தண்ணியும் உள்ளே இழுபடும். இது தினமும் நடக்கும், வந்த ஈரம் திரும்பிப் போகாது.

அடிப்பக்கம் 4 மி.மீ. ஓட்டை இரண்டு போட்டு, உள்ளே நுண்ணிய ஸ்டீல் வலை ஒட்டுங்க. இல்லாவிட்டால் எறும்பு கூடு கட்டிடும். இன்னும் நல்லது, எம்12 பிடிஎஃப்இ வென்ட் பிளக்: காற்று போகும், தண்ணி போகாது. வயர் எல்லாமே அடியிலிருந்துதான் வரணும். கேபிள் நுழையும் ஓட்டையை இறுக்கி அடைக்கிற பிஜி7 கிளாண்ட் 3 முதல் 6.5 மி.மீ. வரை உருண்டைக் கேபிளைப் பிடிக்கும், ஓட்டை 12.5 மி.மீ. தனித்தனி வயர்களைச் சேர்த்துச் செருகினால் நடுவில் ஒழுகும்.

மூடிக்கு 3 மி.மீ. சிலிகான் கயிறு போடுங்க. அது உட்காரும் பள்ளத்தின் ஆழம் 2.3, அகலம் 3.8 மி.மீ. அப்போதுதான் கயிறு நசுங்கிப் பக்கவாட்டில் விரிய இடம் இருக்கும்.

சிலிகான் தடவும்போது வினிகர் வாசம் வந்ததா? அப்படியென்றால் அது காயும்போது அசிட்டிக் அமிலம் விடுகிற வகை. பச்சை பூத்ததில் அதற்கும் பங்கு உண்டு. அந்த அமிலம் விடாத நியூட்ரல் க்யூர் வகை கேட்டு வாங்குங்க.

செவ்வாய்ப்பேட்டை:
ரீடிங் கூடுவதற்குக் காரணம் வேறு. இஎஸ்பி32 சூடும் வெயில் சூடும் ஒரே அறையில் அடைபட்டிருக்கு. சென்சாரைக் கேபிளில் வெளியே எடுத்து, வெள்ளைத் தட்டுகள் அடுக்கிய கூண்டுக்குள் தொங்கவிடுங்க. பிஎல்ஏ 60 டிகிரியை நெருங்கினாலே இளகும். நேர் வெயிலில் மூடி வளைஞ்சிடும். வெளியில் வைக்க ஏஎஸ்ஏ பிளாஸ்டிக் சரி. அதைவிட, கடையில் கிடைக்கிற ஏபிஎஸ் ஜங்ஷன் பாக்ஸ் வாங்கி, போர்டு நிற்கிற உள்தட்டை மட்டும் பிரிண்ட் செய்வதே என் சிபாரிசு.

ஏற்காடு காப்பிக்காடு:
ஓட்டைக்குப் பதில் சிலிக்கா ஜெல் போட்டால் போதாதா அண்ணா?

அம்மாபேட்டை பட்டறை:
தினமும் புது ஈரம் இழுக்கிற பெட்டியில் அது சீக்கிரம் நிறைந்துவிடும், பிறகு பயனில்லை. போர்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் வைத்துத் தேய்த்து, நன்றாகக் காய்ந்தபின் ஈரம் படாமல் காக்கும் மெல்லிய பூச்சான கன்ஃபார்மல் கோட்டிங் அடிங்க. எஸ்எச்டி31 திறப்பையும் யுஎஸ்பி சாக்கெட்டையும் முதலில் டேப் போட்டு மூடிடுங்க. கோட்டிங் உள்ளே போனால் சென்சார் ஈரத்தை உணராது.