சவரக்கத்தியின் முன்பாதி மட்டும் முடியை இழுக்கிறது: குறை தோல்வாரிலா, விளிம்பிலா?

உப்புக்காற்று:

வணக்கம். ஜெர்மனியின் சோலிங்கனில் செய்யப்பட்ட, 5/8 அங்குல அகலமுள்ள பழைய கார்பன் எஃகுச் சவரக்கத்தி ஒன்றை, விற்றவரே சாணை பிடித்துக் கொடுத்த நிலையில் வாங்கி, அன்றாடம் அதைக் கொண்டே சவரம் செய்து வருகிறேன். தொடக்கத்தில் வைத்த இடம் தெரியாமல் வழித்த கத்தி, இப்போது மோவாயிலும் மேலுதட்டிலும் முடியை வெட்டாமல் பற்றி இழுக்கிறது. கைப்பிடியை ஒட்டிய பின்பாதியில் எந்தக் குறையும் இல்லை. நுனியை ஒட்டிய முன்பாதிதான் தொல்லை தருகிறது.

சவரத்துக்கு முன் 2 அங்குல அகலமுள்ள தோல்வாரில் 40 முறை தீட்டுகிறேன். அதை 80 ஆக்கிப் பார்த்தும் மாற்றமில்லை. சமையலறைக் கத்திகளுக்காக வாங்கிய 1000, 8000 எண் கற்கள் (எண் கூடக் கூடக் கல் நுண்மையானது) கைவசம் உள்ளன. விளிம்பை மெருகேற்றும் பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பசையும் வாங்கி வைத்திருக்கிறேன். அதை இந்த வாரிலேயே தடவலாமா, அல்லது கத்தியைக் கல்லில் ஏற்றியே ஆக வேண்டுமா? கத்தி குளியலறை அலமாரியில் இருக்கிறது. ஊர் கடற்கரையை ஒட்டியது.

பழங்கத்தி:

பசையை இப்போதைக்குத் திறக்காதீர்கள். அன்றாடம் பயன்படும் வாரில் ஒருமுறை தடவிவிட்டால் அதை முழுமையாக நீக்க இயலாது; பசை தேவைப்பட்டால் அதற்கென்று வேறொரு வார் இருக்க வேண்டும்.

பாதி நன்றாகவும் பாதி மோசமாகவும் இருக்கிறது என்று நீங்கள் எழுதியதில்தான் விடை ஒளிந்திருக்கிறது. கத்தியின் விளிம்பு ஏறக்குறைய 3 அங்குல நீளம். வாரோ 2 அங்குலம். நேர்கோட்டில் இழுத்தால் ஓர் அங்குலம் வாரைத் தொடாமலேயே போய்விடும், அதை 80 முறை செய்தாலும் 800 முறை செய்தாலும் அந்த அங்குலத்துக்குப் பயனில்லை. ஆகவே, கைப்பிடியை ஒட்டிய பகுதியை வாரில் வைத்துத் தொடங்கி, முன்னே செல்லச் செல்லக் கத்தியைப் பக்கவாட்டில் நகர்த்தி, வாரின் மறுமுனையை அடையும்போது நுனி வாரின்மேல் இருக்குமாறு சாய்கோட்டில் இழுக்க வேண்டும். எப்போதும் முதுகு முன்செல்ல, விளிம்பு பின்தொடர வேண்டும். திரும்பும்போது முதுகை வாரிலிருந்து எடுக்காமல், அதன்மேலேயே கத்தியைப் புரட்டுங்கள். வாரை விறைப்பாகப் பிடியுங்கள். அது தொய்ந்தாலோ நீங்கள் அழுத்தினாலோ, தோல் விளிம்பைச் சுற்றி வளைந்து கூரை உருட்டிவிடும்; கத்தியின் எடைக்கு மேல் எந்த அழுத்தமும் தேவையில்லை.

கல்லும்வாரும்:

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அது மட்டுமே காரணம் என்று முடிவு கட்டத் தயங்குகிறேன். மோவாயிலும் மேலுதட்டிலும் இடம் குறுகல் என்பதால் பெரும்பாலோர் அங்கே நுனிப்பாதியையே பயன்படுத்துகிறோம். முகத்திலேயே முரட்டு முடி வளரும் இடங்களும் அவைதாம். ஆகவே, குறைவாகத் தீட்டப்படும் பாதிக்கே கடினமான வேலையும் வாய்க்கிறது.

முடியைவிட எஃகு ஏறக்குறைய 50 மடங்கு கடினமானது என்றாலும், முடி வளைந்து ஒரு கோணத்தில் விளிம்பில் மோதும்போது நுண்ணிய சில்லுகள் பெயரக்கூடும் என்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020-இல் காட்டினார்கள். அவர்கள் ஆராய்ந்தவை ஒருமுறை பயன்படுத்தும் பிளேடுகள். ஆனாலும் விளிம்பு தேய்ந்து மட்டுமே மழுங்குவதில்லை, உடைந்தும் மழுங்குகிறது என்பது நம் கத்திக்கும் பொருந்தும் என்றே கருதுகிறேன். உடைந்த இடத்தை வெறும் தோல்வார் சரிசெய்யாது.

குளியலறை அலமாரியை நான் இன்னும் அதிகமாகச் சந்தேகிக்கிறேன். கார்பன் எஃகு விளிம்பின் மிக மெல்லிய பகுதியில், கண்ணுக்குத் தெரியாத துரு கூடக் கூரைத் தின்றுவிடும். கத்தியைத் துடைத்து, விளிம்பு உங்களை நோக்கி மேலே இருக்குமாறு ஒரு விளக்கின் கீழ் பிடித்து, மெல்ல அசைத்துப் பாருங்கள். கூரான விளிம்பு ஒளியைத் திருப்பாது. மழுங்கிய அல்லது உடைந்த இடம் வெள்ளைப் புள்ளியாக மின்னும். கட்டைவிரல் நகத்தில் இழுத்துப் பதம் பார்க்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அதுவே விளிம்பைக் கெடுக்கும்.

உப்புக்காற்று:

இருவருக்கும் நன்றி. சாய்கோட்டில் தீட்டத் தொடங்கியபின் கன்னத்தில் முன்பாதியும் ஓரளவு வழிக்கிறது. மோவாயில் இன்னும் இழுக்கிறது. விளக்கின் கீழ் பார்த்தபோது, நுனியிலிருந்து அரை அங்குலத்துக்குள் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. உருப்பெருக்கிக் கண்ணாடியில் அவற்றை ஒட்டிக் கறுத்த தடமும் தெரிகிறது. 1000 கல்லில் தொடங்கலாமா?

கல்லும்வாரும்:

வேண்டாம். அந்தக் கறுத்த தடம் துருதான். ஆனால் கத்தி பெரும்பகுதி நன்றாக வழிக்கும்போது 1000 கல்லில் ஏற்றினால், தேவையில்லாமல் எஃகை இழப்பீர்கள். 8000 கல்லே முதலில் போதும்.

பழங்கத்தி:

கல்லில் வைக்குமுன் விற்றவரிடம் ஒன்று கேளுங்கள்: சாணை பிடித்தபோது முதுகில் மின்காப்பு நாடா ஒட்டியிருந்தாரா? சவரக்கத்தியில் கோணத்தை நம் கை தீர்மானிப்பதில்லை. முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லில் படிவதால் முதுகின் தடிமனே அதைத் தீர்மானிக்கிறது. 16 மில்லிமீட்டர் அகலமும் 4.5 மில்லிமீட்டர் முதுகும் உள்ள கத்திக்கு விளிம்பின் கோணம் சுமார் 16 பாகை வரும். முதுகில் ஒரு சுற்று நாடா ஒட்டினால் அது ஏறக்குறைய ஒரு பாகை கூடும். அவர் நாடாவுடன் தீட்டியிருந்து நீங்கள் நாடா இல்லாமல் தீட்டினால், விளிம்பை நோக்கிச் சாயும் தீட்டிய சரிவின் மேற்பகுதியை மட்டுமே கல் தேய்க்கும். விளிம்பை எட்டவே எட்டாது. பலர் மணிக்கணக்கில் தேய்த்தும் கூர் வரவில்லை என்று நொந்துகொள்வதற்கு இதுவே காரணமாக இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

விற்றவரை அணுக முடியாவிட்டால், விளிம்பை ஒட்டிய சரிவில் மார்க்கர் பேனாவால் மை பூசி, 8000 கல்லில் அழுத்தாமல் இரண்டே முறை தேய்த்துப் பாருங்கள். விளிம்பு வரை மை நீங்கினால் கோணம் சரி. விளிம்போரம் மெல்லிய மைக்கோடு எஞ்சினால் நாடா ஒட்டுங்கள்.

கல் சமதளமாக இருக்க வேண்டும் என்பதையும் வலியுறுத்துகிறேன். சமையலறைக் கத்தி தீட்டிய கல்லின் நடுப்பகுதி பெரும்பாலும் குழிந்திருக்கும். அதன்மேல் பென்சிலால் கட்டங்கள் வரைந்து, கண்ணாடித் தட்டின்மேல் விரித்த 400 எண் ஈர உப்புத்தாளில், கோடுகள் யாவும் அழியும்வரை தேய்த்துச் சமப்படுத்துங்கள். அதன்பின் நீர் ஊற்றி, வாருக்கு நேர்மாறாக விளிம்பு முன்செல்ல, அதே சாய்கோட்டில் தீட்டுங்கள். பத்துப் பத்து முறையாகத் தீட்டி, ஒவ்வொரு தவணைக்குப் பின்னும் விளக்கின் கீழ் பாருங்கள். புள்ளிகள் மறைந்ததும் நிறுத்திவிடுங்கள்.

நாவிதர்வழி:

எங்கள் குடும்பத் தொழில் இதுவே என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். இப்போது கடைகளில் பாதி பிளேடைச் செருகும் கத்திதான் புழங்குகிறது. சுகாதாரத்தைக் கருதினால் அதுவே சரி. ஆனால், வாரில் தீட்டிய கத்தியால் தொழில் செய்த பெரியவர்கள், சவரம் முடிந்ததும் கத்தியை உலர்த்துவதில் காட்டிய கண்டிப்பை வீட்டில் கத்தி வைத்திருப்பவர்களிடம் நான் காண்பதில்லை. கழுவி, பருத்தித் துணியால் முதுகிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்து, கைப்பிடிக்குள் மடங்கும் பகுதியிலும் ஈரம் நிற்காமல் பாருங்கள். பின் வாரில் சில முறை இழுத்து, தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளியை விளிம்பில் பூசுங்கள். உங்கள் ஊர்க் காற்றுக்கு அது மிகை அன்று. தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடிக்கும், தவிர்த்துவிடுங்கள். கத்தியின் இடம் படுக்கையறை அலமாரி, குளியலறை அன்று.

உப்புக்காற்று:

விற்றவர் நாடா ஒட்டித் தீட்டியதாகவே கூறினார். கல்லைச் சமப்படுத்தி, முதுகில் ஒரு சுற்று நாடாவுடன் 8000-இல் தீட்டியதும் ஒரு புள்ளி முற்றிலும் மறைந்தது. மற்றொன்று மங்கிவிட்டது, ஆனால் இன்னும் தெரிகிறது. மோவாயில் இழுப்பு இல்லை. எனினும் சவரத்துக்குப் பின் படிகாரம் தேய்த்தால் கழுத்தில் சற்று எரிகிறது. மீதமிருக்கும் புள்ளிக்காக மேலும் தீட்டலாமா?

பழங்கத்தி:

வேண்டாம், அது அடுத்த தீட்டலில் தானே போய்விடும். எரிச்சல் 8000-இன் கரடுமுரடால் வருவது. நீங்கள் வாங்கிய பசைக்கு இப்போதுதான் வேலை. பழைய பருத்திப் பட்டை ஒன்றைப் பலகையில் இறுக ஒட்டி, அதில் மிக மெல்லியதாகப் பசை தடவி, நாடாவை எடுக்காமலேயே பத்து முறை மட்டும் இழுத்துவிட்டு, நாடாவை நீக்கிய பின் கத்தியைத் துடைத்துத் தோல்வாருக்குச் செல்லுங்கள். மீண்டும் இழுப்புத் தொடங்கும்போது இதையே செய்யலாம். பசையும் பலன் தராத நாளில்தான் 8000 கல்லை எடுக்க வேண்டும், அப்போதும் நாடாவுடன்.