அம்மாவுக்கு வால்வு சுருக்கம்: நெஞ்சைத் திறப்பதா, தொடை வழியாகவா?

கும்பகோணத்துப் பெண்:

அம்மாவுக்கு 72 வயது. சர்க்கரை இருக்கிறது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.4, கொஞ்சம் அதிகம். ஆறு மாதமாக மாடி ஏறினால் பாதிப் படியில் நின்று மூச்சு வாங்குவார். வயசாகிவிட்டது என்று நாங்களும் விட்டுவிட்டோம். போன மாதம் பிரதோஷத்துக்குப் போனவர் கொடிமரத்தடியில் மயங்கி விழுந்த பிறகுதான் எக்கோ எடுத்தோம். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசலான அயோர்டிக் வால்வில் சுருக்கம், கடுமையானது என்று வந்திருக்கிறது. வால்வின் திறப்பு 0.7 சதுர சென்டிமீட்டர், வால்வுக்கு முன்னும் பின்னும் ரத்த அழுத்தத்தில் சராசரி வேறுபாடு 52.

நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றலாம், அல்லது தொடை ரத்தக்குழாய் வழியாகப் புது வால்வைக் கொண்டுபோய் வைக்கும் 'டாவி' செய்யலாம் என்றார்கள். முதலாவதற்கு நாலு லட்சம், இரண்டாவதற்குப் பதினேழு லட்சம் சொல்கிறார்கள். துபாயில் இருக்கும் தம்பி, "கடன் வாங்கியாவது டாவி பண்ணு, இந்த வயசில் நெஞ்சைப் பிளக்க வேண்டாம்" என்கிறான். மாமா, "ரெண்டும் வேண்டாம், மாத்திரையிலேயே ஓட்டலாம்" என்கிறார். எனக்குத் தூக்கமே போய்விட்டது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் தையல்காரன்:

தங்கச்சி, நான் டாக்டர் இல்லை, தையல்கடைக்காரன். ஆனால் 26 வருடமாக நெஞ்சுக்குள் ஒரு வால்வை வைத்துக்கொண்டுதான் மெஷின் மிதிக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்.

எனக்கு வந்தது வேறு கதை. ஒன்பது வயதில் தொண்டைவலி, அப்புறம் முட்டி வீங்கிக் காய்ச்சல். ருமாட்டிக் காய்ச்சல் மூட்டை விட்டுப் போனது, இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மிட்ரல் வால்வைப் பிடித்துக்கொண்டது. 21 நாளைக்கு ஒரு பென்சிலின் ஊசி போடச் சொன்னார்கள். அந்த ஊசி வலி போட்டுக்கொண்டவனுக்குத்தான் தெரியும். பத்தாம் வகுப்போடு நானே நிறுத்திவிட்டேன். 1999-இல், 32 வயதில், நெஞ்சைத் திறக்க வேண்டியதாகிவிட்டது. ஊரில் இன்றும் எல்லோரும் அதை 'பைபாஸ்' என்றுதான் சொல்கிறார்கள். பைபாஸ் ரத்தக்குழாய் அடைப்புக்கு, எனக்கு மாற்றியது வால்வு என்று விளக்கி விளக்கிச் சலித்துப்போனேன்.

எனக்கு வைத்தது சித்ரா வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் உருவாக்கியது. மூன்று மாதிரிகள் தோற்று, நாலாவதுதான் தேறியது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைத்தார்கள். உலோகக் கூண்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் தட்டு, சாய்ந்து சாய்ந்து திறந்து மூடும். சுற்றிலும் பாலியஸ்டர் துணி வளையம்; அதில் ஊசி ஏற்றித்தான் இதயத்தோடு தைக்கிறார்கள். "என்ன தையல் சார் போட்டீங்க?" என்று சர்ஜனிடம் கேட்டேன். அவர் சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை.

இந்த மாதிரி வால்வு தேயாமல் உழைக்கும். ஆனால் ஆயுளுக்கும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, மாதாமாதம் ஐ.என்.ஆர். பரிசோதனை, அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் கணக்கு. என்னுடையது 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒருமுறை பல் பிடுங்கப் போகிறோமே என்று யாரையும் கேட்காமல் ஐந்து நாள் மாத்திரையை நிறுத்தினேன். ஆறாம் நாள் காலையில் வலது கை மரத்துப்போய்க் கத்தரிக்கோல் கீழே விழுந்தது. ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டது. ஆனால் அந்த ஒரு மணி நேரம் நான் பட்ட பயம் இருக்கிறதே!

உங்கள் அம்மா வயதில் எந்த வழியில் போனாலும் பெரும்பாலும் திசு வால்வுதான் வைப்பார்கள். பத்து, பதினைந்து வருடம் தாங்கும், ஆயுளுக்கும் அந்த மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது. நான் சொல்ல வந்ததே வேறு: அது மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையிலோ, பன்றியின் திசுவிலோ செய்வது. சைவ வீடு என்றால் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிற்பாடு யாராவது உறவுக்காரர் வாயால் தெரியவந்தால் வீட்டில் பெரிய ரகளையாகிவிடும்.

டாவியில் தையலே கிடையாதாம். சுருக்கி வைத்த வால்வை உள்ளே கொண்டுபோய் விரித்ததும், பழைய வால்வில் படிந்த சுண்ணாம்பே அதை இறுகப் பிடித்துக்கொள்கிறதாம். தைக்காமல் எப்படி நிற்கும் என்று எனக்கு ரொம்ப நாள் நம்பிக்கையே வரவில்லை!

கேத்லேப் சிஸ்டர்:

அக்கா, ரத்தக்குழாய் வழியாக இதய சிகிச்சை செய்யும் கேத்லேப்பில் நான் நர்ஸ். மாமா சொல்வதை முதலில் ஒதுக்கி வையுங்கள். நல்ல வால்வு மூன்று, நாலு சதுர சென்டிமீட்டர் திறக்கும், அம்மாவுக்கு 0.7. சுண்ணாம்பு படிந்த வால்வைத் திறக்க மாத்திரை கிடையாது. 2010-இல் வந்த பார்ட்னர் ஆய்வில், அறுவை தாங்க மாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்ட 358 பேரைப் பார்த்தார்கள். மருந்து போன்ற வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் ஒரு வருடத்துக்குள் பாதிப்பேர் இறந்தார்கள். டாவி செய்தவர்களில் சுமார் 31 சதவீதம். மயக்கம் வந்த பிறகு காத்திருப்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான முடிவு.

2002-இல் பிரான்சின் ரூவான் நகரில் டாக்டர் அலென் கிரிபியே முதன்முதலாக இதைச் செய்தபோது, வேறு வழியே இல்லாத நோயாளிக்குத்தான் செய்தார். 2019-இல் ஆபத்து குறைந்த நோயாளிகளிடமும் அறுவைக்கு ஈடாக நிற்கிறது என்று இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. அமெரிக்க வழிகாட்டியில் 65-இலிருந்து 80 வயதுவரை இரண்டுமே சரி. ஆகவே பணம் இருந்தால் டாவி, இல்லாவிட்டால் அறுவை என்று பிரிக்காதீர்கள். அறுவை ஒன்றும் ஏழைகளின் சிகிச்சை இல்லை. இதயக் குழாய்களில் அடைப்பும் இருந்தால், ஒரே தடவையில் பைபாஸும் வால்வும் செய்துவிடலாம். வால்வில் மூன்றுக்குப் பதில் பிறவியிலேயே இரண்டு இதழ்தான் என்றாலும் பல டாக்டர்கள் அறுவையைத்தான் விரும்புவார்கள்.

முடிவெடுக்க சி.டி. ஸ்கேன் வேண்டும். வால்வு அளவும் தொடைக்குழாயின் அகலமும் அதில்தான் தெரியும். அதற்குச் சாய மருந்து ஏற்றுவார்கள், அது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், கிரியாட்டினின் 1.4 என்பதை மறக்காமல் சொல்லுங்கள். குஜராத்தில் தயாராகும் மைவால் வால்வுக்கு என்ன விலை என்றும் கேளுங்கள்.

கோவை வாசகர்:

அப்பாவுக்கு 79 வயதில் டாவி செய்தோம். மூன்றாம் நாளே நடந்தார். ஆனால் இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி தேவைப்படலாம் என்று எங்களிடம் யாரும் முன்னாடி சொல்லவில்லை. இரவு பதினொன்றரை மணிக்குக் கையெழுத்துக் கேட்டார்கள், பில்லும் ஏறியது. புது வால்வு உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே இதயத்தின் மின்பாதை ஓடுகிறதாம். இ.சி.ஜி.யைக் காட்டி இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கும்பகோணத்துப் பெண்:

எல்லோருக்கும் நன்றி. மாமாவிடம் அந்த ஆய்வுக் கணக்கைச் சொன்னேன், வாயைத் திறக்கவில்லை. வியாழக்கிழமை ஆஞ்சியோவும் சி.டி.யும். அடைப்பு இருந்தால் அறுவை, இல்லாவிட்டால் டாவி என்று தம்பியிடமும் பேசிவிட்டேன். பல்லில் கிருமி இருந்தால் புது வால்வுக்கு ஆபத்தாம், பல் டாக்டரிடமும் காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

தையல்கார அண்ணா, நீங்கள் சொன்னபடி அம்மாவிடம் மாட்டு விஷயத்தைச் சொன்னேன். ஐந்து நிமிடம் பேசவே இல்லை. அப்புறம், "சரி, எழுந்து நடந்தா வெள்ளிக்கிழமைதோறும் கோயில் பசுவுக்கு அகத்திக்கீரை கொடுத்துக் கடனைத் தீர்த்துக்கறேன்" என்றார்.