மகனின் வேப் பழக்கம்: பள்ளியிடம் எப்படிப் பேசுவது?

மகனுக்கு 15 வயது. பையில் பென் டிரைவ் மாதிரி ஒரு வேப் (மின்-சிகரெட்) கிடைத்தது, பழ வாசனை, நிகோடின் சால்ட் என்று மேலேயே போட்டிருக்கிறது. சில மாதங்களாகவே நடக்கிறது போல. எழுந்ததும் எரிச்சல், படிப்பில் கவனமில்லை, அப்புறம் ராத்திரி தூக்கமும் சரியில்லை.

திட்டினோம், கைச்செலவுப் பணத்தை நிறுத்தினோம். இன்னும் நன்றாக ஒளிக்கக் கற்றுக்கொண்டான், அவ்வளவுதான். பொறுமையாக உட்கார்ந்து பேசியபோதுதான் விட்டுவிட முயன்றான், ஆனால் நிகோடினை நிறுத்தினால் முதல் சில நாள்தான் ரொம்ப மோசமாக இருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தும், கூட்டாளிகள் பள்ளிக் கழிவறையில் இழுக்கும்போது இவனால் தாங்க முடியவில்லை. பள்ளிக்குத் தெரிந்தால் இடைநீக்கம், அப்படி வீட்டில் தனியாக உட்கார வைத்தால் பழக்கம் கூடத்தான் செய்யும்.

பிள்ளைக்குத் தண்டனை வராமல், பள்ளி ஆலோசகரிடம் எப்படிப் பேச்சை ஆரம்பித்தீர்கள்?