'லவ் மீ டூ': மாமாவின் தட்டில் சலங்கை ஒலிக்கிறது, சிடியில் ஒலிக்கவில்லை

கேள்வி: கிருஷ்ணகிரி, பழையபேட்டை

அனைவருக்கும் வணக்கம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து, ஓய்வுக்குப் பின் எங்கள் வீட்டு மாடியில் தங்கியிருந்த என் தாய்மாமா சென்ற ஆண்டு காலமானார். பெங்களூருக்குப் போகும்போதெல்லாம் பழைய கடைகளில் தேடித் தேடி அவர் வாங்கிய ஆங்கிலப் பாட்டுத் தட்டுகள் ஒரு தகரப் பெட்டி நிறைய என்னிடம் வந்துள்ளன. அவற்றுள் பீட்டில்ஸ் குழுவின் முதல் தட்டான 'லவ் மீ டூ'வும் ஒன்று. 45 சுற்று வேகத்தில் ஓடும் சிறிய தனித்தட்டு (சிங்கிள்), இங்கிலாந்தில் அச்சானது, எண் ஆர் 4949.

துடைத்துப் போட்டுக் கேட்டபோது, கஞ்சிராவின் சலங்கையைப் போன்ற ஓர் ஒலி பாட்டின் பின்னணியில் விடாமல் வந்துகொண்டிருந்தது. என்னிடமுள்ள 'பாஸ்ட் மாஸ்டர்ஸ்' என்ற பீட்டில்ஸ் தொகுப்பு சிடியில் அதே பாட்டைக் கேட்டால் அந்தச் சலங்கை அறவே இல்லை. தட்டின் ஓரத்தில் துண்டுத் தாள் ஒட்டி, ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்று என்று எண்ணிப் பார்த்துவிட்டேன். 45 சரியாகவே வருகிறது. ஆகவே குறை இயந்திரத்தில் இல்லை. தனித்தட்டில் வந்ததுதானே மூல வடிவம்? சிடி தயாரித்தவர்கள் எதையோ நீக்கிவிட்டார்களா?

மறுமொழி 1: ஓசூர்

ஐயா, உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. நீங்கள் கொண்ட முடிவுதான் நேர்மாறானது. எதையும் யாரும் நீக்கவில்லை. அவை வெவ்வேறு நாளில் செய்த இரண்டு ஒலிப்பதிவுகள்.

1962 செப்டம்பர் 4ஆம் நாள், லண்டன் இ.எம்.ஐ. ஒலிப்பதிவுக் கூடத்தில், குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த ரிங்கோ ஸ்டார் டிரம்ஸ் வாசிக்க இந்தப் பாட்டு பதிவானது. அதில் தயாரிப்புத் தரப்புக்கு நிறைவு ஏற்படாததால், ஒரு வாரம் கழித்து, 11ஆம் நாள், ஆண்டி ஒயிட் என்ற கூலிக் கலைஞரை டிரம்ஸில் உட்கார வைத்து மறுபடி பதிவு செய்தார்கள். அன்று ரிங்கோவின் கையில் கொடுக்கப்பட்டது டாம்பரின். நீங்கள் கேட்ட சலங்கை அதுதான். சலங்கை ஒலித்தால் 11ஆம் நாள் பதிவு, ஒலிக்காவிட்டால் 4ஆம் நாள் பதிவு. இதைவிட எளிய அடையாளம் வேறு எந்தப் பழைய பாட்டுக்கும் கிடைக்காது.

அக்டோபர் 5 அன்று தனித்தட்டாக வெளிவந்தது ரிங்கோ வாசித்த முதல் பதிவு. 1963 மார்ச் 22இல் வந்த 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' ஆல்பத்தில் சேர்க்கப்பட்டதோ ஆண்டி ஒயிட் வாசித்தது. அதற்குப் பிறகு அச்சான தனித்தட்டுகளிலும், எண்ணை மாற்றாமலே, ஆல்பத்தின் வடிவத்தையே போட்டுவிட்டார்கள். பாட்டின் இருபதாம் ஆண்டையொட்டி 1982இல் மறுபடி வெளியிட்டபோதும் சிறிய தட்டில் வந்தது அதுவே. அதனால்தான் எண்ணையோ லேபிளின் நிறத்தையோ மட்டும் நம்பக் கூடாது என்கிறேன். உங்கள் மாமாவின் தட்டில் இருப்பது ஆல்ப வடிவம். உங்கள் சிடியில் இருப்பதுதான் முதலில் வெளிவந்த தனித்தட்டு வடிவம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரிங்கோ வாசித்த பதிவின் மூல நாடா இன்று இல்லை, அழிந்துவிட்டது. 1988இல் 'பாஸ்ட் மாஸ்டர்ஸ்' தொகுப்புக்காக, பழைய தனித்தட்டு ஒன்றை ஓட்டி அதிலிருந்தே படியெடுத்தார்கள். யாரோ ஒருவர் அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த தட்டுதான் இந்தப் பதிவைக் காப்பாற்றியது என்பதை நினைக்கும்போது, உங்கள் தகரப் பெட்டியைப் பார்க்காமலேயே எனக்கு அதன் மேல் மதிப்பு உண்டாகிறது.

மறுமொழி 2: தருமபுரி

நான் தருமபுரி வட்டாரத்து மெல்லிசைக் குழுக்களில் பல ஆண்டுகள் டிரம்ஸ் வாசித்தவன். திருவிழா மேடையில் வழக்கமாக வாசிப்பவர் ஓரமாய் நிற்க, அவருடைய இடத்தில் வேறொருவரை உட்கார வைப்பதைப் பார்த்திருக்கிறேன். என்னையும் அப்படி ஒருமுறை எழுப்பியிருக்கிறார்கள். ஆகையால் செப்டம்பர் 11ஆம் நாளை ரிங்கோவின் பக்கம் நின்றுதான் என்னால் நினைக்க முடிகிறது.

இந்தப் பாட்டுக்கு மூன்றாவது பதிவும் உண்டு என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1962 ஜூன் 6 அன்று, ரிங்கோவுக்கு முன் டிரம்ஸ் வாசித்த பீட் பெஸ்ட் குழுவில் இருந்தபோது, அதே கூடத்தில் ஒரு முன்னோட்டப் பதிவு நடந்தது. 1995இல் 'ஆந்தாலஜி 1' தொகுப்பில் அது வெளியானது. மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். பீட் பெஸ்ட்டின் வாசிப்பு மெதுவானது. நடுவில் தாள நடையையே மாற்றிவிடுகிறார், பாட்டு தள்ளாடிப் போய் மீண்டும் நிமிர்கிறது. ரிங்கோ அப்படிச் செய்யவில்லை. அவருடைய அடி சற்றுக் கனமாக, தரையில் ஊன்றி விழுகிறது. ஆண்டி ஒயிட்டின் கை பழகிய கை. துல்லியமாக, வழுக்கிக்கொண்டு போகிறது.

குரலையும் கவனியுங்கள். தலைப்பு வரியை முதலில் பாடிவந்தவர் ஜான் லெனான். அந்த வரி முடியுமுன்னே அவர் மவுத் ஆர்கனை வாயில் வைத்தாக வேண்டியிருந்ததால், கூடத்தில் அந்த நேரத்தில்தான் அவ்வரி பால் மெக்கார்ட்னியிடம் வந்து சேர்ந்தது. இசைக்கருவிகள் எல்லாம் நின்று, குரல் மட்டும் தனியாகத் தொங்கும் அந்த இடத்தில், ரிங்கோ பதிவில் ஒரு மெல்லிய நடுக்கம் கேட்கிறது. அந்த நடுக்கத்துக்காகவே எனக்குத் தனித்தட்டு வடிவம் பிடிக்கும்.

மறுமொழி 3: பாலக்கோடு

தருமபுரி நண்பரின் பரிவு புரிகிறது. ஆனாலும் பாட்டாகக் கேட்கும்போது என் வாக்கு ஆல்ப வடிவத்துக்கே. டிரம்ஸும் பேஸ் கிடாரும் இறுக்கமாகச் சேர்ந்து நடக்க, சலங்கை மேலே மினுங்கும்போதுதான் அந்த எளிய மெட்டுக்கு ஓர் எழுச்சி வருகிறது. ரிங்கோ பதிவு எனக்கு ஒத்திகையைப் போலப் படுகிறது.

ஆல்பத்தைத் தேடுவோர், எல்லா ஒலியும் ஒன்றாகக் கலந்து வரும் மோனோ வடிவத்தையே கேளுங்கள். பழைய ஸ்டீரியோ தட்டில் இந்தப் பாட்டு உண்மையான ஸ்டீரியோ அன்று. ஒலிகளை இரண்டு தடங்களில் பிரித்துப் பதித்த இருதட நாடா கைவசம் இல்லாததால், மோனோவையே எடுத்து, கனமான ஒலிகளை ஒரு பக்கமும் கூர்மையான ஒலிகளை மறுபக்கமும் ஒதுக்கிப் போலியாகச் செய்தார்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் பாட்டு இரண்டாகக் கிழிந்ததுபோல் இருக்கும். 2009இல் புதுப்பித்து வெளியிட்ட ஸ்டீரியோ சிடியிலேயே இந்தப் பாட்டை மோனோவாகத்தான் விட்டார்கள். அது சரியான முடிவு.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு பெட்டியைக் கீழே இறக்கி, அத்தையையும் பக்கத்தில் உட்கார வைத்து, முதலில் சிடியையும் பிறகு தட்டையும் போட்டேன். எதுவும் சொல்லாமலே, "இதுல சதங்கை சத்தம் வருதே, இதுதான் உங்க மாமா போடுறது" என்று அத்தை தட்டைக் காட்டினார். சிடியின் தலைப்பு வரியில் அந்த நடுக்கத்தையும் கேட்டேன். தருமபுரி நண்பர் சொன்னபிறகு அது கேட்காமல் இருப்பதில்லை.

தட்டின் உறையில் மாமா பென்சிலால் '1962, முதல் பதிப்பு' என்று எழுதியிருக்கிறார். அதை நான் அழிக்கவில்லை. 'ஆண்டி ஒயிட் வாசித்தது, செப்டம்பர் 11' என்று ஒரு சிறு சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன்.