ஒயிட் டவுன் பிரெஞ்சு உணவகம்: சைவ அம்மாவை அழைத்துப்போகலாமா?

கடலூர்க்காரன்:
அப்பா அம்மா கல்யாண நாளுக்குப் புதுச்சேரி ஒயிட் டவுனில் கொஞ்சம் பெரிய இடமாகப் பார்த்து அழைத்துப்போகிறேன். அப்பா கோழி, மீன் எல்லாம் சாப்பிடுவார், மாடும் பன்றியும் தொடமாட்டார். அம்மா சைவம், கேக்கில் முட்டை இருந்தால் மட்டும் கண்டுகொள்ள மாட்டார். மெனுவைப் பார்த்தால் தலைகால் புரியவில்லை. ஆனியன் சூப் அம்மாவுக்குச் சரிதானே?

அடுப்படி:
அதில்தான் முதலில் மாட்டுவீர்கள். வெங்காயத்தை வெண்ணெயில் நிதானமாக, நல்ல பழுப்பு நிறம் வரும்வரை வதக்கி, மாட்டெலும்புச் சாறு ஊற்றிக் கொதிக்கவைத்து, மேலே ரொட்டியும் சீஸும் வைத்து உருக்குவார்கள், பார்வைக்குச் சுத்த சைவம்! சில இடங்களில் காய்கறிச் சாற்றிலும் செய்கிறார்கள், அதனால் 'வெஜ்ஜா' என்று கேட்காமல் 'எந்த ஸ்டாக்' என்று கேளுங்கள். கீஷ் லொரேன் என்று முட்டையும் கிரீமும் ஊற்றிச் சுடும் பண்டத்தில் பன்றி உண்டு. கோக் ஓ வான் ஒயினில் வேகவைத்த கோழிதான், ஆனால் அதிலும் பேக்கன், அதாவது பன்றி இறைச்சித் துண்டு போடுவது வழக்கம், அப்பாவுக்காகச் சொல்கிறேன். அம்மாவுக்கு ரட்டட்டூயி சொல்லுங்கள்: கத்தரிக்காய், சுக்கினி, குடமிளகாய், தக்காளி, ஆலிவ் எண்ணெய். காரம் இருக்காது, அதற்கு மனதைத் தயார்ப்படுத்தி அழைத்துப்போங்கள்.

தயிர்சாதம்:
சீஸை விட்டுவிட்டீர்களே. அசல் க்ரூயேர், பார்மேசான் இரண்டிலும் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டி இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்தான் சேர்ப்பார்கள்.

அடுப்படி:
இப்படியே போனால் அந்த அம்மா தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வரவேண்டும். அவ்வளவு கண்டிப்பாக இருப்பவர் என்றால் மட்டும் பாருங்கள்.

பில்பார்ப்பவன்:
சாப்பாட்டை அவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் காசுக்கு வருகிறேன். சர்வீஸ் சார்ஜைக் கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், சண்டை வேண்டாம், சிரித்துக்கொண்டே சொன்னால் போதும். ஜிஎஸ்டி பொதுவாக 5%தான், அறை வாடகை அதிகமுள்ள பெரிய ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18% வரும். அப்புறம் சனி ஞாயிறு என்றால் முன்கூட்டியே டேபிள் சொல்லிவையுங்கள், சென்னைக் கூட்டம் மொத்தமும் அங்கேதான்.

கடலூர்க்காரன்:
போன் போட்டுக் கேட்டேன், சூப்பில் சிக்கன் ஸ்டாக்காம். ஆக அது அப்பாவுக்கு, கூடவே வெண்ணெயும் எலுமிச்சையும் போட்ட மீன். அம்மாவுக்கு ரட்டட்டூயி, கடைசியில் கிரெம் ப்ரூலே என்ற இனிப்பு. அதில் முழுக்க முட்டை மஞ்சள் கருதான் என்பதை யார் சொல்வது?

தயிர்சாதம்:
அப்பா சொல்லட்டும்.