அம்மாவுக்கு வயிற்றில் பைலோரி கிருமி: வீட்டில் எல்லோரும் டெஸ்ட் எடுக்கணுமா?

கோட்டூர்ப் பையன்:
திருத்துறைப்பூண்டி பக்கம் கிராமம். அம்மாவுக்கு 58 வயது, நடவு, களையெடுப்பு என்று வயல் வேலைதான். ரொம்ப நாளாக மேல்வயிற்றில் எரிச்சல். கடையில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டே ஓட்டிவிட்டார். இப்போது தஞ்சாவூரில் எண்டோஸ்கோபி பார்த்ததில் புண் இருக்கிறது, ஹெலிகோபாக்டர் பைலோரியும் இருக்கிறது. 14 நாளைக்கு மாத்திரை, வேளைக்கு ஒரு கை நிறைய. வாய்க்கால் தண்ணீர் குடித்ததால்தான் என்கிறார் சித்தப்பா. அப்படியா? ஒரே சொம்பில் குடிக்கிற வீடு. நாங்களும் டெஸ்ட் எடுக்கணுமா?

குடந்தை:
ஆன்டிபயாடிக் எல்லாம் எதுக்கு? காலையில் நீராகாரம், மதியம் மோர். தானாக ஆறிவிடும்.

மன்னை லேப்காரர்:
நீராகாரம் குடிக்கட்டும், நல்லதுதான். ஆனால் அதற்கெல்லாம் இந்தக் கிருமி அசையாது.

தம்பி, போன நடவில் குடித்த தண்ணீரைக் குறை சொல்ல வேண்டாம். இது பெரும்பாலும் சின்ன வயசிலேயே, வீட்டு ஆட்களிடமிருந்தே தொற்றி, மருந்து கொடுக்காவிட்டால் கடைசிவரை இருந்துவிடும். தண்ணீரும் ஒரு வழிதான். ஆனால் ஒரு கூரை வீட்டில் ஏழெட்டுப் பேர், கழிப்பறை கிடையாது, ஆயா மென்று பிள்ளைக்கு ஊட்டுவது... அம்மா வளர்ந்த காலம் அப்படித்தானே? நம் நாட்டில் பெரியவர்களில் பாதிக்கு மேல் இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. முக்கால்வாசிப் பேருக்கு ஒரு தொந்தரவும் வராது. புண் வருவது சிலருக்கு, புற்றுநோய் அதிலும் வெகு சிலருக்கு.

அதனால் உங்களில் யாருக்காவது விடாத வயிற்று வலி இருந்தால் அவர் முதலில் பார்க்கட்டும். மற்றவர்களுக்கு வேண்டுமா என்று அம்மாவின் டாக்டரிடமே கேளுங்கள். வீட்டோடு பார்க்கச் சொல்கிறவர்களும் உண்டு. ரத்த டெஸ்ட் மட்டும் வேண்டாம் (என் லேபிலும் எடுக்கிறேன், இருந்தாலும் சொல்கிறேன்). கிருமி போன பிறகும் அது பாசிட்டிவ் காட்டும். மூச்சு டெஸ்ட் அல்லது மல ஆன்டிஜென் டெஸ்ட் (மலத்தில் கிருமியின் தடயம் பார்ப்பது) தான் சரி.

மாத்திரையை நடுவில் நிறுத்த விடாதீர்கள். அரைகுறையாகப் போட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். வயிற்றுப்போக்கு என்றாலே கடையில் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் வாங்கி ரெண்டு நாள் போட்டு விடுகிற பழக்கத்தால், அந்த மருந்து பல இடங்களில் இதற்குச் சரியாகப் பிடிப்பதில்லை. முடித்து 4 வாரம் கழித்து மறு டெஸ்ட். அதற்கு முன் 2 வாரம் கேஸ் மாத்திரையும் கூடாது, டாக்டரிடம் கேட்டு நிறுத்துங்கள். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டலாம்.

இன்னொன்று, அம்மா இடுப்பு வலிக்கு ஏதாவது மாத்திரை போடுகிறாரா? புண்ணுக்கு அதுவும் பெரிய காரணம்.

வேதாரண்யம் அக்கா:
எங்க மாமியாருக்கும் இதே வைத்தியம்தான். பிஸ்மத் மாத்திரை இருந்தால் மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீங்க. அது இல்லாமலே தார் மாதிரி போனாலோ, தலை சுற்றினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க.

கோட்டூர்ப் பையன்:
நன்றி அண்ணே, அக்கா. அம்மாவிடம் கேட்டேன். நடவு நாட்களில் ராத்திரி ராத்திரி டைக்ளோஃபினாக் வலி மாத்திரை போட்டிருக்கிறார். டாக்டரிடம் சொல்லவே இல்லையாம். சீட்டை எடுத்துக்கொண்டு நாளைக்கே போகிறேன்.