மூணாவது மாடியில் கேட்ட அம்மிச் சத்தம்

கோவை, சரவணம்பட்டி:

பேய்ப்படம் எடுக்கப் போன இடத்தில் நடந்ததை இத்தனை நாள் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

நாங்கள் ஆறு பேர். நண்பனின் அக்காவுக்கு மூணாவது மாடியில் ஒரு ஃபிளாட். வாடகைக்கு ஆள் வராமல் நாலு மாசமாகப் பூட்டிக் கிடந்தது. அதுதான் எங்கள் பேய் வீடு. ஒரு கேமரா, ரெண்டு எல்.இ.டி. லைட், ஒரு பூம் மைக், அவ்வளவுதான் கையிருப்பு. டைரக்டர் தம்பிக்கு 'பாராநார்மல் ஆக்டிவிட்டி'தான் வேதம். ஓரன் பெலி தன் சொந்த வீட்டிலேயே, ஏழே நாளில், சுமார் 15,000 டாலரில் எடுத்து முடித்த படம். "கேமராவ ஸ்டாண்டுல வெச்சுட்டு விட்டுடலாங்கண்ணா, மிச்சத்தைச் சத்தம் பார்த்துக்கும்" என்பான். அந்தச் சத்தம் என் பொறுப்பு.

யாரும் பேசாத வீட்டின் அமைதியையும் தனியாகப் பதிவு செய்வோம். ரூம் டோன் என்று பேர். வசனத்துக்கு நடுவே அதைப் போட்டு நிரப்பாவிட்டால் படம் பார்க்கிறவருக்குக் காது அடைத்த மாதிரி இருக்கும். ரெண்டாம் நாள் ராத்திரி ரெண்டே முக்கால் மணிக்கு ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் நிறுத்தி, மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு ஹெட்போனோடு உட்கார்ந்தேன். அரை நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு கர்ர், கர்ர். நின்றது. மறுபடி கர்ர். ஹெட்போனைக் கழற்றினால் இல்லை, மாட்டினால் இருக்கிறது.

என் அம்மாயி வீட்டில் வளர்ந்தவன் நான். அது அம்மி. குழவி போய் வரும், வழித்துக் கூட்ட ஒரு நொடி நிற்கும், மறுபடி போகும். அந்த ஒரு நொடி நிற்பதுதான் என்னை உலுக்கிவிட்டது. எந்த அபார்ட்மெண்டில் இந்நேரம் அம்மி அரைக்கிறார்கள்? ரெக்கார்டரை நிறுத்தக்கூட விரல் வரவில்லை.

மிச்சத்தைப் பொறவு சொல்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்க.

ஈரோடு:

எனக்குப் படுக்கையில்தான். முழிப்பு வந்துவிட்டது, கை கால் அசையவில்லை, நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். அமுக்குவான் பேய் என்று அப்பத்தா மந்திரிக்கக் கூட்டிப்போனாங்க. கனவு காணும் தூக்கத்தில் உடம்பு தளர்ந்திருக்கும், அது விலகும் முன்னே நினைவு வந்துவிட்டால் இப்படி ஆகும் என்று டாக்டர் பிறகு சொன்னார். காரணம் தெரிந்த பிறகும் பயம் குறையவில்லைங்க.

கோவை, கணபதி:

பம்ப்செட் கம்பெனியில் இருபது வருஷமாக இருக்கிறேன். எங்கள் ஃபிளாட்டில் தினமும் அதிகாலை சுவருக்குள் டொம் என்று ஒரே ஒரு அடி விழும். வீட்டில் எல்லாரும் பயந்து சாமியறையில் படுத்தார்கள். பார்த்தால், மோட்டார் நிற்கும்போது மேலே ஏறிய தண்ணீர் திரும்பி வந்து வால்வில் மோதுகிறது. இன்னொன்றும் சொல்லணும். 1998-ல் விக் டாண்டி என்ற இங்கிலாந்துப் பொறியாளர் எழுதினார்: அவருடைய ஆய்வகத்தில் கண்ணோரத்தில் சாம்பல் நிற உருவம் தெரிந்து உடம்பு வேர்த்ததற்கு, புதிதாக மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன் எழுப்பிய, காதுக்கே கேட்காத சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வுதான் காரணம் என்று. தம்பி, உங்க வீட்டில் பாத்ரூம் குழாய் எல்லாம் இறங்குகிற டக்ட் எந்தப் பக்கம்? அது கீழ்வீட்டுச் சத்தத்தை அப்படியே மேலே கொண்டுவரும்.

பொள்ளாச்சி:

2009-ல் 'யாவரும் நலம்' பார்த்தேன். அதில் மாதவன் ஏறினால் மட்டும் லிஃப்ட் நகராது. ரத்தமில்லை, கோரமில்லை, அந்த லிஃப்ட் போதும். ஒரு மாசம் நாலு மாடியும் நடந்துதான் ஏறினேன். ஆனால் அம்மிச் சத்தம் என்றால் எங்களுக்குப் பேய் ஞாபகம் வராதுங்க. ஆனைமலை மாசாணியம்மன்தான். நியாயம் கிடைக்காதவங்க மொளகா அரைத்துப் பூசுகிற இடம்.

கோவை, சரவணம்பட்டி:

ரெண்டு பேரும் சரியாகத் தொட்டுவிட்டீங்க. விடிந்ததும் டக்ட்டில் காதை வைத்துப் பார்த்து, மாடி மாடியாக இறங்கினேன். கீழ்வீட்டில் எழுபத்தஞ்சு வயசு இருக்கும், ஒரு ஆத்தா. வாஷிங் மெஷின் வைக்கிற இடத்தில் அம்மி. சத்தம் வெளியே போகாமல் இருக்க அடியில் கோணிச்சாக்கை நாலாக மடித்துப் போட்டிருந்தார். விரல் நகமெல்லாம் சிவப்பு.

அபார்ட்மெண்ட் நிற்கிற மண்ணே அவங்க சோளக்காடு. "வெவரம் சொல்லாமயே கையெழுத்து வாங்கிப்போட்டானுங்க, கண்ணு. கேட்டா, வீடு குடுத்தாச்சல்ல, பேசாம இருங்கறானுங்க. ஆனமலைக்குக் கூட்டிப்போவ ஆளில்ல. தூக்கமும் வாரதில்ல. அதான் இங்கயே அரைக்கறேன்."

டைரக்டருக்கு அந்தப் பதிவு படத்தில் வேண்டும். கேட்காமல் வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஹெட்போனை எடுத்துப்போய் ஆத்தா காதில் மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். "இது வெறும் வரமொளகா, சாமி. உப்பு வெச்சு அரைச்சாத்தான் சத்தம் எறங்கி வரும். அத நீ புடிக்கலயே."

அன்று ராத்திரி ரெண்டரை மணிக்கு மைக்கை அம்மிக்குப் பக்கத்தில் வைத்தேன். அடியில் கிடந்த கோணிச்சாக்கை ஆத்தாவே உருவி எடுத்தார்.